எட்டுக்கு ஒன்று: எம்.எம்.ஏ. பந்தய எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2015 நவம்பர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் எத்திஹாட் அரங்கில் 56,214 பேர் கூடியிருந்தார்கள். ரோண்டா ரௌசி அதுவரை தோல்வியே காணாதவர். பன்னிரண்டு சண்டைகள், பன்னிரண்டு வெற்றிகள். கடைசி மூன்று எதிராளிகளை வீழ்த்த அவருக்கு ஆன நேரம் 16 விநாடி, 14 விநாடி, 34 விநாடி. எதிரே நின்ற ஹாலி ஹோம் மீது 100 டாலர் கட்டியவருக்கு, அவர் வென்றால் ஏறக்குறைய 800 டாலர் லாபம் கிடைக்கும். ரௌசி மீது கட்டி வெறும் 100 டாலர் லாபம் பார்க்க வேண்டுமென்றால் ஆயிரம் டாலர் அளவுக்குப் பணத்தைப் பணயம் வைக்க வேண்டும். இரண்டாம் சுற்றின் 59ஆவது விநாடியில் ஹோமின் இடது கால் ரௌசியின் தலையோரம் இறங்கியது. ஆட்டம் முடிந்துவிட்டது.

அடுத்த சில நாட்களுக்கு உலகெங்கும் ஒரே பேச்சு: புக்கிகள் கணக்கில் கோட்டை விட்டுவிட்டார்கள். உண்மையில் விட்டார்களா? எட்டுக்கு ஒன்று என்று விலை போட்ட குதிரை ஜெயித்தால், விலை போட்டவர் தவறு செய்தார் என்று பொருளா? எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புச் சண்டைகளின் பந்தய எண்களைப் புரிந்துகொள்ள விரும்புபவர் முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி இது. பந்தயம் கட்டுகிறவருக்கு மட்டுமான கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தொலைக்காட்சியில் சண்டை பார்க்கும் எவர் கண்ணிலும் இன்று அந்த எண்கள் பட்டுக்கொண்டே இருக்கின்றன. வீரரின் பெயர், எடை, உயரம், கை நீளம் ஆகியவற்றோடு ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்ட எண்ணும் திரையில் வந்துவிடுகிறது.

அந்த எண்ணை வாசிப்பது கடினமே இல்லை. அமெரிக்க வழக்கில் கழித்தல் குறி, வெல்வார் என்று எதிர்பார்க்கப்படுகிற ஃபேவரிட்டுக்கு உரியது. −300 என்றால் 100 டாலர் லாபம் பெற 300 டாலர் கட்ட வேண்டும். கூட்டல் குறி எதிர்பார்ப்புக் குறைந்தவருக்கு. +250 என்றால் 100 டாலர் கட்டி வென்றால் 250 டாலர் லாபம். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதையே தசமத்தில் 1.33, 3.50 என்று எழுதுவார்கள். கட்டிய பணமும் சேர்ந்து கைக்கு வருவது எத்தனை மடங்கு என்பது அந்த எண். பிரிட்டனில் பழைய பழக்கப்படி மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஐந்து என்று பின்னமாகச் சொல்வார்கள். குதிரைப் பந்தயத்தின் பேச்சை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எழுதும் முறை எதுவானாலும் அதைச் சதவீதமாக மாற்றிப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். −300 என்ற விலையில் 400 டாலரைத் திரும்பப் பெற 300 டாலர் கட்டுகிறோம். முந்நூறை நானூறால் வகுத்தால் 75 சதவீதம். நூற்றுக்கு எழுபத்தைந்து தடவை அந்த வீரர் வென்றால்தான் கட்டியவருக்கு நட்டமில்லை. மறுபக்கத்தில் +250 என்றால் 350 டாலரைத் திரும்பப் பெற 100 டாலர் கட்டுகிறோம். அது 28.57 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 103.57 வருகிறது. ஒரு சண்டையில் யாராவது ஒருவர் வெல்லும் வாய்ப்பு நூறு சதவீதத்தைத் தாண்ட முடியாது அல்லவா? அந்த மிச்சமான 3.57தான் புக்கி நடத்தும் பந்தயக் கடையின் கூலி. அமெரிக்காவில் இதை 'விக்' என்றும் 'ஜூஸ்' என்றும் சொல்கிறார்கள். இரு தரப்பும் சமபலம் என்று கடை கருதும் சண்டையில்கூட விலை பெரும்பாலும் இரண்டு பக்கமும் −110 என்றுதான் இருக்கும். 52.38 இந்தப் பக்கம், 52.38 அந்தப் பக்கம். நாணயத்தைச் சுண்டிவிடுவது போன்ற போட்டியிலும் கடைக்குப் பங்கு உண்டு.

ஆகவே கடை எண்ணிப் பார்த்த வாய்ப்பை அறிய வேண்டுமென்றால் கூலியைக் கழிக்க வேண்டும். 75ஐ 103.57ஆல் வகுத்தால் 72.4 சதவீதம். மற்றவருக்கு 27.6. சந்தை அந்தச் சண்டையைப் பற்றிச் சொல்வது இவ்வளவே: நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான வாய்ப்போடு இன்னொருவரும் களத்தில் நிற்கிறார். 'ஃபேவரிட்' என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழுகிற உறுதி இந்த 72.4இல் இல்லை.

விலை எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சண்டை அறிவிக்கப்பட்டதும் சில கடைகள் முதல் விலையை வெளியிடுகின்றன. அப்போது கட்டக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு மிகக் குறைவாக இருக்கும். கடைக்கே தன் விலைமீது முழு நம்பிக்கை இல்லாத கட்டம் அது. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் வந்து பிழையான விலையை அடித்துச் சரிசெய்கிறார்கள். பணம் எந்தப் பக்கம் குவிகிறதோ அந்தப் பக்கம் கிடைக்கும் லாபம் சுருங்கும், மறுபக்கம் கூடும். சண்டை நாள் நெருங்க நெருங்க உச்சவரம்பு உயர்கிறது, பெருங்கூட்டத்தின் பணம் வருகிறது. மணி அடிக்கும் முன் நிற்கும் கடைசி விலையில் இத்தனை பேருடைய கருத்தும் கலந்திருக்கும். தொழில்முறையில் கட்டுகிறவர்கள் தங்கள் திறமையை அளப்பதும் இந்தக் கடைசி விலையை வைத்துத்தான். தாங்கள் வாங்கிய விலை கடைசி விலையைவிடத் தொடர்ந்து நல்லதாக இருந்ததா என்று பார்ப்பார்கள். ஒரு சண்டையில் வென்றோமா தோற்றோமா என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

பெருங்கூட்டத்தின் பணம் விலையை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு 2017 ஆகஸ்ட் 26 அன்று லாஸ் வேகாஸில் நடந்த மேவெதர் - மெக்கிரெகர் போட்டியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அது குத்துச்சண்டை விதிப்படி நடந்த போட்டி. கானர் மெக்கிரெகர் எம்.எம்.ஏ. சாம்பியன், தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவே அவருக்கு முதல் ஆட்டம். ஃபிளாய்ட் மேவெதர் 49 குத்துச்சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காதவர். தொடக்கத்தில் மெக்கிரெகருக்கு ஒன்பதுக்கு ஒன்று என்ற அளவில் இருந்த விலை, ரசிகர்கள் சிறு சிறு தொகைகளாகக் கொண்டுவந்து கொட்டியதில் சண்டை நாளன்று நான்குக்கு ஒன்று அளவுக்குச் சுருங்கிவிட்டது. இடையில் மெக்கிரெகரின் குத்துச்சண்டைத் திறன் இரண்டு மடங்காகிவிடவில்லை. அவர்மீது இருந்த அன்பு மட்டும் பணமாக மாறியிருந்தது. பத்தாவது சுற்றில் மேவெதர் ஆட்டத்தை முடித்தார். கூட்டத்துக்குப் பிடித்தவரின் எதிராளி மலிவாகக் கிடைப்பார் என்பதைப் பெரும்பணக்காரர்கள் அன்று நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

தரவரிசையையும் விலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கும் அதே மெக்கிரெகர்தான் சான்று. 2015 டிசம்பரில் அவர் ஜோஸே ஆல்டோவை எதிர்கொண்டபோது ஆல்டோ பத்தாண்டுகளாகத் தோல்வி காணாத சாம்பியன். இருந்தும் சந்தை மெக்கிரெகரையே சற்று மேலே வைத்தது. பதின்மூன்றே விநாடிகளில் ஆல்டோ தரையில் கிடந்தார்.

இனி இந்த விளையாட்டின் தனிச் சிக்கலுக்கு வரலாம். கால்பந்து லீக்கில் ஓர் அணி ஆண்டுக்கு 38 ஆட்டங்கள் ஆடுகிறது. கிரிக்கெட் வீரரின் ஒவ்வொரு பந்தும் பதிவாகிறது. கூண்டுச் சண்டை வீரர் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை களமிறங்கினால் அதிகம். பத்தாண்டு உழைத்த ஒருவரைப் பற்றிய மொத்தத் தரவும் இருபது சண்டைகளுக்குள் அடங்கிவிடும். அதிலும் சில முதல் சுற்றிலேயே முடிந்திருக்கும். நிமிடத்துக்கு எத்தனை அடி, எத்தனை முறை எதிராளியைத் தரையில் வீழ்த்தினார், எத்தனை முறை அதைத் தடுத்தார் என்ற கணக்குகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. ஆனால் அவை எந்த எதிராளிக்கு எதிராக வந்தவை என்பது பெரிய கேள்வி. மல்யுத்தம் அறியாத நால்வரை வென்றவருக்குத் தாளில் இருக்கும் எண், ஐந்தாவதாக ஒரு மல்யுத்த வீரர் வரும்போது செல்லாக்காசாகிவிடும்.

கையுறை வேறு நான்கு அவுன்ஸ்தான். குத்துச்சண்டைக் கையுறையில் பாதியோ அதற்கும் குறைவோதான். கை, கால், முழங்கை, முழங்கால், கழுத்து நெரிப்பு, மூட்டு முறிப்பு என்று முடிவுக்கு இத்தனை வழிகள். இரு சுற்று முழுக்க அடி வாங்கியவர் மூன்றாம் சுற்றில் ஒரே அடியில் முடித்துவிட முடியும். 2023 அக்டோபரில் அபுதாபியில் இந்தியாவின் அன்ஷுல் ஜுப்லிக்கு நேர்ந்தது இதுதான். சந்தையின் ஃபேவரிட் அவர். எம்.எம்.ஏ.யின் பெரிய அமைப்பான யு.எஃப்.சி.யில் அதுவரை ஒரு வெற்றிகூடப் பெறாதிருந்த மைக் பிரீடன் மூன்றாம் சுற்றில் அவரை நாக்-அவுட் செய்தார்.

இதைவிட நெஞ்சைப் பிசைந்த கணம் 2022 ஆகஸ்ட் 20 அன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் அமைந்தது. காமரூ உஸ்மான் தன் பட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தார். முதல் சுற்றை மட்டும் லியோன் எட்வர்ட்ஸ் எடுத்தார். அடுத்த மூன்று சுற்றுகளும் உஸ்மானுக்கு. ஐந்தாம் சுற்றும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வர்ணனையாளர்களே எட்வர்ட்ஸ் மனம் தளர்ந்துவிட்டார் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். சண்டைக்கு முன் மூன்றுக்கு ஒன்று அளவில் இருந்த எட்வர்ட்ஸின் விலை, நேரலைப் பந்தயத்தில் பல மடங்கு ஏறிவிட்டிருந்தது. இன்னும் 56 விநாடிகள். இடது கையால் ஒரு போலிக் குத்து, உஸ்மான் தலையை ஒதுக்கிய திசையிலேயே இடது கால். சாம்பியன் மல்லாந்து விழுந்தார். அந்த உதை குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்வது எட்வர்ட்ஸுக்குச் செய்யும் அநீதி. பயிற்சிக் கூடத்தில் ஆயிரம் முறை செய்து பழகாமல் அது வராது. ஆனால் அது வரும் என்பதைச் சந்தை எந்த எண்ணாலும் குறித்திருக்க முடியாது. வரக்கூடும் என்பதை மட்டுமே குறிக்க முடிந்தது.

சண்டை முழு நேரமும் நடந்தால் மூன்று நடுவர்களின் கையில் முடிவு. சுற்றுக்குப் பத்துப் புள்ளி முறை. 2024 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பூஜா தோமர் வென்றபோது யு.எஃப்.சி.யில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அன்று மதிப்பெண் அட்டைகளைப் பாருங்கள்: இரண்டு நடுவர்கள் 30-27 என்று மூன்று சுற்றையும் பூஜாவுக்குக் கொடுத்தார்கள், மூன்றாமவர் அதே 30-27ஐ எதிராளி ரயானி டோஸ் சான்டோஸுக்குக் கொடுத்தார். ஒரே சண்டையை, ஒரே கூண்டருகே அமர்ந்து பார்த்த தேர்ந்த கண்கள் ஒரு சுற்றில்கூட ஒத்துப்போகவில்லை. விலை போடுகிறவர் வீரர்களை மட்டும் கணித்தால் போதாது, அந்த இரவு நாற்காலியில் அமரப்போகிறவர்களையும் கணிக்க வேண்டும்.

தராசும் ஆட்டத்தைக் கலைத்துவிடும். 2022 செப்டம்பரில் காம்சாட் சிமாயேவ், நேட் டயஸ் மோதல் தலைமைச் சண்டையாக அறிவிக்கப்பட்டிருந்தது. சிமாயேவின் விலை ஆயிரத்தைத் தாண்டிய கழித்தல் எண். அதாவது பத்தில் ஒன்பதுக்கும் மேலான உறுதி. சண்டைக்கு முந்தைய நாள் 171 பவுண்டுக்குள் நிற்க வேண்டியவர் 178.5 பவுண்டு காட்டினார். ஒரே நாளில் மூன்று சண்டைகளின் ஜோடிகளைக் கலைத்து மாற்றினார்கள். டயஸுக்கு டோனி ஃபெர்குசன் எதிராளியானார், சிமாயேவ் வேறொருவரோடு மோதினார். நடக்காத சண்டைமீது கட்டிய பணத்தைக் கடைகள் திருப்பிக் கொடுத்தன. எடையைக் குறைக்க உடலின் நீரை வற்றவைக்கும் இந்தக் கொடிய வழக்கம் வீரரின் மூளையையும் சிறுநீரகத்தையும் வருத்துகிறது என்பது இதைவிடப் பெரிய விஷயம். விலைப்பட்டியல் அந்த வேதனையைக் காட்டாது. மேடையில் வற்றிய கன்னத்தோடும் தள்ளாடும் காலோடும் ஒருவர் ஏறும்போது மட்டும் எண் சற்று நகரும்.

வெற்றி தோல்வியைத் தாண்டியும் பந்தயங்கள் உண்டு. நாக்-அவுட்டா, தட்டிச் சரணடைதலா, நடுவர் தீர்ப்பா என்று முடிவின் வகைமீது கட்டலாம். எத்தனை சுற்று நீடிக்கும் என்பதற்கு இரண்டரைச் சுற்று போன்ற எல்லை வைப்பார்கள். மூன்றாம் சுற்றின் இரண்டரை நிமிடத்தைத் தாண்டியதா இல்லையா என்பதே அங்கே கேள்வி. இத்தகைய கிளைப் பந்தயங்களில் கடையின் கூலி கூடுதல் என்பதைக் கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட மனத்தை மயக்குவது, பல சண்டைகளைக் கோத்து ஒரே சீட்டாகக் கட்டுவது. குதிரைப் பந்தயத்தில் ட்ரெபிள், ஜாக்பாட் என்று கேட்டிருப்போம், அதே வகை. ஐந்து ஃபேவரிட்டுகள், ஒவ்வொருவரும் வெல்ல 80 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் ஐவருமே நிச்சயம் போலத் தோன்றும். ஐவரும் ஒருசேர வெல்லும் வாய்ப்பு 0.8ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது: 32.8 சதவீதம். மூன்று இரவுகளில் இரண்டு இரவு அந்தச் சீட்டு கிழியும். கூலியும் அப்படியே பெருகுகிறது. −110 விலையுள்ள ஒரு பந்தயத்தில் கட்டும் நூறில் சராசரியாக நாலரை போகிறது. அத்தகைய நான்கைக் கோத்தால் நூறில் 17 போய்விடும். கடைகளின் விளம்பரங்கள் இந்தக் கோவைச் சீட்டையே திரும்பத் திரும்பத் தூக்கிப் பிடிப்பதன் காரணம் இந்தப் பதினேழுதான்.

அப்படியானால் ஃபேவரிட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கட்டினால்? யு.எஃப்.சி. சண்டைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டை ஃபேவரிட்டே வெல்கிறார். கேட்கச் சுகமான எண் இது. ஆனால் வெல்லும்போது வரும் சிறு லாபத்தைத் தோற்கும்போது போகும் பெருந்தொகை தின்றுவிடுகிறது; மிச்சத்தைக் கூலி தின்கிறது. மறுகோடியில், எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று நீளும் விலைகள்மீது மனிதருக்கு எப்போதும் ஆசை அதிகம். அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களை ஆராய்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் கிரிஃபித் 1949இலேயே இதைக் கண்டுபிடித்து எழுதினார்: வாய்ப்புக் குறைந்த குதிரைகள்மீது மக்கள் தகுதிக்கு மேல் கட்டுகிறார்கள், வாய்ப்பு மிகுந்தவற்றின்மீது தகுதிக்குக் குறைவாகக் கட்டுகிறார்கள். ஹோம், இனி வரப்போகும் மேட் செர்ரா போன்ற பெயர்கள் நினைவில் நிற்கின்றன. அதே விலையில் வந்து, எதிர்பார்த்தபடியே அடிவாங்கி வீடு திரும்பிய நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

மேட் செர்ராவின் கதை இங்கே தேவைப்படுகிறது. 2007 ஏப்ரல் 7 அன்று ஹூஸ்டனில் அவர் ஜார்ஜ் செயின்ட்-பியரை எதிர்கொண்டார். தொலைக்காட்சித் தொடர்ப் போட்டி ஒன்றில் வென்றதால் கிடைத்த பட்ட வாய்ப்பு அது. விலை எட்டுக்கு ஒன்று அல்லது அதற்கும் மேல். முதல் சுற்றின் 3 நிமிடம் 25ஆவது விநாடியில் செர்ரா சாம்பியன் ஆனார். விலை போட்டவர்கள் தவறு செய்தார்களா? அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஓராண்டு கழித்து மாண்ட்ரியாலில் நடந்த மறு ஆட்டத்தில் செயின்ட்-பியர் இரண்டாம் சுற்றிலேயே பட்டத்தை மீட்டார். ஹூஸ்டன் இரவுக்குப் பின் அவர் ஒரு சண்டையில்கூடத் தோற்கவில்லை. அன்று அவரைப் பெரிய ஃபேவரிட் என்று சொன்ன எண் அவரைச் சரியாகவே எடை போட்டிருந்தது. பத்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு அந்த இரவில் வந்தது.

ரௌசியின் கதை வேறு திசையில் போகிறது. ஹோம் முன்னாள் குத்துச்சண்டை உலக சாம்பியன்; இடக்கை நிலையில் நின்று, பின்வாங்கியபடியே எதிராளியை இழுத்து அடிக்கும் பழக்கம் உள்ளவர். நேரே பாய்ந்து பற்றிக்கொள்ள வரும் ரௌசிக்கு இதைவிடப் பொருந்தாத எதிராளி அமைவது கடினம். ஆனால் யு.எஃப்.சி.யில் ஹோம் ஆடிய முதல் இரு சண்டைகளும் விறுவிறுப்பின்றி நடுவர் தீர்ப்புக்குப் போனவை. சந்தை அந்த இரண்டையும், ரௌசியின் விநாடிக் கணக்கு வெற்றிகளையும் மட்டும் எடைபோட்டது. அடுத்த சண்டையில், 2016 டிசம்பரில், அமண்டா நூனஸ் ரௌசியை 48 விநாடிகளில் வீழ்த்தினார். கை ஓங்கி அடிப்பவர்முன் ரௌசியின் தற்காப்பு நிற்காது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த எட்டுக்கு ஒன்று பிழையான விலை என்று வாதிட இடமிருக்கிறது. செர்ராவின் எட்டுக்கு ஒன்றை அப்படிச் சொல்ல இடமில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே எண், இரண்டும் ஒரே அதிர்ச்சி.

இந்த வேறுபாட்டை முன்கூட்டியே காண முடிந்தவர்தான் பந்தயத்தில் வெல்ல முடியும். எவ்வளவு துல்லியமாகக் காண வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி 1956இல் வெளியிட்ட சூத்திரம் அது. கையிருப்பில் எத்தனை பங்கைக் கட்டலாம் என்பதை அது சொல்கிறது. +250 விலையில் ஒருவருக்கு 32 சதவீத வாய்ப்பு உண்டு என்று நீங்கள் சரியாகக் கணித்திருந்தால், கையிருப்பில் 4.8 சதவீதம் கட்டலாம் என்கிறது சூத்திரம். அவருடைய உண்மையான வாய்ப்பு 28 சதவீதமாக இருந்தால்? ஒரு காசுகூடக் கட்டக் கூடாது என்கிறது. லாபத்துக்கும் நட்டத்துக்கும் இடையே இருப்பது நான்கு புள்ளிகள். இருபது சண்டைத் தரவு, நான்கு அவுன்ஸ் கையுறை, ஒத்துப்போகாத நடுவர்கள், முந்தைய இரவு வற்றவைத்த உடல் ஆகியவற்றைக் கொண்டு ஒருவரின் வாய்ப்பை நான்கு புள்ளி பிசகாமல் கணிக்கக்கூடியவர்கள் உலகில் மிகச் சிலர். மற்றவர்களின் கணிப்பில் உள்ள பிழை, அவர்கள் தேடும் லாபத்தைவிடப் பல மடங்கு பெரிது. ஆண்டுக்கணக்கில் இந்த விளையாட்டை நேசித்துப் பார்த்து வரும் ரசிகரும் இதில் விலக்கல்ல.

நேர்மையாகக் கணிப்பது இத்தனை கடினமாக இருக்கும்போது, சிலர் குறுக்குவழியைத் தேடுகிறார்கள். 2022 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில் டாரிக் மின்னருக்கும் சீன வீரர் ஷாயிலான் நூர்தான்பியேக்குக்கும் சண்டை. பலரும் கவனிக்காத ஒரு தொடக்கச் சண்டை. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு திடீரென ஷாயிலான் பக்கம் பணம் பாய்ந்தது. −220 அளவில் இருந்த விலை −420 அளவுக்குப் போனது. 69 சதவீதத்திலிருந்து 81 சதவீதத்துக்கு. அவர் முதல் சுற்றிலேயே வெல்வார் என்றும் பணம் குவிந்தது. சண்டை தொடங்கியதும் மின்னர் இடது காலால் ஓர் உதை விட்டு, வலியில் முகம் சுளித்தார். 67 விநாடிகளில் எல்லாம் முடிந்தது. அவர் காயத்தோடு வந்திருந்தார், அதை நெவாடா மாநில விளையாட்டு ஆணையத்திடம் தெரிவிக்கவில்லை. அவருடைய பயிற்சியாளர் பந்தய ஆலோசனை விற்றுவந்தவர் என்பதும் பேசப்பட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் யு.எஃப்.சி. பந்தயங்களையே சில வாரங்கள் நிறுத்திவைத்தது. அந்தப் பயிற்சியாளரிடம் தொடர்ந்து பயிலும் வீரர்களுக்கு இனி இடமில்லை என்று யு.எஃப்.சி. அறிவித்தது. மின்னருக்கு நெவாடா ஆணையம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தடை விதித்தது. வீரர்களும் பயிற்சியாளர்களும் யு.எஃப்.சி. சண்டைகள்மீது பந்தயம் கட்டக் கூடாது என்ற விதியே அந்த ஆண்டு அக்டோபரில்தான் வந்தது என்பது இன்று நினைத்தால் திகைப்பாக இருக்கிறது.

அந்த விதி தாமதமாக வந்ததன் பின்னணி தெரிந்ததுதான். அமெரிக்காவில் விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வைத்திருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 மே 14 அன்று ரத்து செய்தது. அதன்பின் மாநிலம் மாநிலமாகக் கடைகள் திறந்தன. 2021இல் யு.எஃப்.சி. ஒரு பந்தய நிறுவனத்தோடு பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. கூண்டின் தரையிலேயே பந்தய விளம்பரம் இருக்க, அந்தத் தரையில் அடிபட்டு விழும் வீரரின் முழங்கால் நிலை ஒரு விற்பனைச் சரக்காக மாறியதில் வியப்பில்லை. காயத்தை மறைத்தவர் செய்தது தவறுதான். ஆனால் சண்டையிட்டால் மட்டுமே சம்பளம், விலகினால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாட்டில் ஆரம்பநிலை வீரர்களை வைத்திருப்பதும் அந்த மறைப்புக்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

தமிழ்நாட்டுக்கும் இந்த விவாதத்தின் ஒரு முனை பழக்கமானது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அந்த வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையின் ஆட்டம், வெறும் சூதாட்டம் இல்லை என்று கூறியது. குதிரையின் வேகமும் ஜாக்கியின் திறனும் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது வாதம். கூண்டுச் சண்டைக்கும் இதே வாதத்தைப் பொருத்தலாம். எட்வர்ட்ஸின் உதையில் திறமை இல்லையென்று யார் சொல்வார்? கேள்வி கட்டுகிறவரின் திறமையைப் பற்றியது. கெல்லியின் நான்கு புள்ளிகளுக்குள் கணிக்கத் தெரியாதவருக்கு, களத்தில் இருப்பவர்களின் திறமை எந்த வகையிலும் துணை வராது. இணையச் சூதாட்டத்தில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களுடைய துயரம் தமிழ்நாட்டை 2022இல் தனிச் சட்டம் இயற்ற வைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடைசெய்கிறது.

அதனால் இங்கிருந்து சண்டை பார்க்கும் ரசிகருக்கு அந்த எண் ஒரு கூர்மையான வர்ணனைக் குறிப்பாகப் பயன்பட்டால் போதும். அதை அப்படிப் பயன்படுத்துவதில் நிறைய இன்பம் உண்டு. +400 என்று பார்த்தால் ஐந்தில் ஒன்று என்று மனத்துக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். விலை வாரம் முழுவதும் எந்தப் பக்கம் நகர்ந்தது, ஏன் நகர்ந்தது என்று யோசியுங்கள்: காயமா, எடையா, வெறும் ரசிகர் அன்பா? ஐந்தில் ஒன்று என்றவர் வென்றால், விலை பொய்த்தது என்று உடனே தீர்ப்பெழுதாமல் அவருடைய அடுத்த மூன்று சண்டைகள் வரை பொறுத்திருந்து பாருங்கள். செர்ரா வென்ற இரவின் விலை சரியானது என்பது தெரிய, செயின்ட்-பியரின் மீதி வாழ்க்கை முழுவதும் தேவைப்பட்டது.